ஊசி போட வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் என்ன கேட்பது?

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்று தயங்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் மதுரையைச் சுற்றி ஊசி விட்டுப்போன பிள்ளைகளில் நான் பார்த்தவரை, பெற்றவர்கள் மறுத்ததால் விட்டுப்போனவர்கள் குறைவு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், "இன்னிக்கு இல்லம்மா, அடுத்த புதன்கிழமை வா" என்ற பதிலோடு திரும்பி, அப்புறம் போகாமலே விட்டவர்கள்தான் அதிகம். வேலைக்குப் போனால்தான் கூலி என்கிற வீட்டில் அடுத்த புதன்கிழமை என்பது சின்ன விஷயம் இல்லை.

அரசின் தடுப்பூசித் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசநோய், இளம்பிள்ளைவாதம், மஞ்சள் காமாலை பி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, நிமோனியா, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு, தட்டம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான ஊசியும் சொட்டு மருந்தும் அரசிடம் இலவசம். பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், ஒன்றரை வயதை ஒட்டி, 5 வயதில், 10 வயதில், 16 வயதில் போடுவார்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள். சிரிஞ்சுக்கு, சீட்டுக்கு, ஆயாவுக்கு என்று யார் காசு கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

ஊசி கட்டாயமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டாயம் இல்லை. யாரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே கொரோனா ஊசி வழக்கில் சொன்னது. அதனால் "ஊசி போடாட்டி ரேஷன் கார்டை வெட்டிருவோம்", "பிறப்புச் சான்று தர மாட்டோம்" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. அந்தப் பதிவுக்கு, கர்ப்பக் காலத்தில் கொடுத்த ஆர்.சி.எச். எண்ணைக் கேட்பார்கள். ஊசிக் கணக்கு அதற்குத் தேவையில்லை. மிரட்டலுக்குப் பயந்து ஊசி போட்ட தாய் அடுத்த தவணைக்கு வர மாட்டாள் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் புரியவில்லை.

கட்டாயம் இல்லையென்றாலும், போடுங்கள் என்றுதான் சொல்வேன். தட்டம்மை வந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஊசி போடாத பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் வரை தொற்றலாம். அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் காத்திருக்கும் வீட்டில், தட்டம்மை நிமோனியாவாக மாறுவதைக் கவனிப்பதற்குள் காலம் கடந்துவிடும். ஆண்பிள்ளைக்கு எதற்கு ரூபெல்லா ஊசி என்று கேட்கிறார்கள். கர்ப்பிணிக்கு அது தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும். தொற்றைக் கொண்டுவருவது வீட்டில் விளையாடும் பையனாகவும் இருக்கலாம். பிறவிக் கண்புரைக்கு ரூபெல்லா ஒரு முக்கியக் காரணம் என்று காட்டிய ஆய்வு 1990களில் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில்தான் நடந்தது.

பயத்துக்கும் காரணம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு கிராமத்துக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் 100க்குச் சுமார் 81 பேர். 2015-16இல் சுமார் 70 பேர். 2019-21இல்தான் சுமார் 89 ஆனது. இடையில் விழுந்ததற்குப் பயம் ஒரு காரணமாக இருக்கலாம். ஊசி தெருவிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்துக்குப் போனதும் அதற்குக் குறையாத காரணம் என்பது என் எண்ணம். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி தனிக்கதை. அப்போது பல பள்ளிகளில் பெற்றோரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. கையெழுத்து மட்டும் கேட்டார்கள்.

ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை மிக மிக அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரியும், அங்கே மருந்து இருக்கும். ஐந்து நோய்க்கான பென்டா ஊசிக்கு ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சல் வரும், தொடை வீங்கும். தைலம் தேய்க்காதீர்கள். பிறந்தவுடன் இடது தோளில் போடும் காசநோய் ஊசியான பி.சி.ஜி. சில வாரம் கழித்துக் கொப்புளமாகி, உடைந்து, தழும்பாகும். அதற்கு மருந்து போட வேண்டாம். விடாத அழுகை, வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் 108. முந்தைய ஊசிக்குப் பிறகு வலிப்போ கடும் ஒவ்வாமையோ வந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி, நம் பிள்ளைகளுக்கு ஊசியைத் தவறவிடும் இடங்கள்.

முதலாவது குப்பி. பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா மருந்துகள் ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கு வரும். கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வீணாகுமே என்று, "இன்னும் நாலு பிள்ளை வரட்டும்" என்று உட்கார வைப்பார்கள். யாரும் வரவில்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியை உடைக்கலாம் என்பதுதான் அரசின் வழிகாட்டுதல். வீணாகும் அளவையும் கணக்கில் சேர்த்துத்தான் மருந்தே அனுப்புகிறார்கள். இதை மரியாதையாகச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் இல்லையென்றால், "இன்று வந்தோம், இந்தக் காரணத்தால் போடவில்லை என்று ஊசி அட்டையில் எழுதிக் கொடுங்கம்மா" என்று கேளுங்கள். எழுதச் சொன்னதும் குப்பி திறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சளி. மூக்கு ஒழுகுகிறது, லேசாக உடம்பு சுடுகிறது, பேதி, எடை குறைவு, குறைமாதம், ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோம்: இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. கடும் காய்ச்சலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு நோயோ இருந்தால் மட்டும் குணமாகும்வரை காத்திருந்தால் போதும். மழைக்காலத்தில் சளி இல்லாத கைக்குழந்தை எங்கே இருக்கிறது? இந்த ஒரு காரணத்தாலேயே மாதக்கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் உண்டு.

மூன்றாவது, எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம். "உங்க ஏரியா இது இல்ல." பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பெண் அவனியாபுரத்தில் குடியிருப்பாள், பிரசவம் மேலூரில், ஊசி இரண்டு இடத்திலும் இல்லை. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து கேரளாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களுக்கும், இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பங்களுக்கும் இதே கதிதான். நாட்டில் எந்த அரசு ஊசி மையத்திலும் எந்தக் குழந்தைக்கும் போடலாம். முகவரிச் சான்றோ ஆதாரோ இல்லை என்று மறுக்கக் கூடாது. கணினியில் எந்தப் பெயருக்குக் கீழே ஏற்றுவது என்பது அவர்கள் பாடு.

நான்காவது, "தேதி தாண்டிருச்சு, இனி போட முடியாது." பெரும்பாலும் இது தவறு. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மையான எல்லைகள் சில உண்டு, ஏமாந்துவிடாதீர்கள். பிறந்தவுடன் போடும் மஞ்சள் காமாலை ஊசிக்கு 24 மணி நேரம்தான். பி.சி.ஜி.க்கு ஒரு வயது வரை. பென்டாவும் ரோட்டா சொட்டு மருந்தும் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா 5 வயது வரை போடலாம்.

அட்டையைத் தொலைத்தவர்களை அலைய விடுவதும் உண்டு. ஆர்.சி.எச். எண்ணோ, பதிவு செய்த செல்போன் எண்ணோ இருந்தால் கணினியில் எடுக்கலாம். வீட்டுக்கு வந்த அன்றே அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள். பழைய எண்ணை மாற்றினால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள்.

தனியார் மருத்துவமனையில் போடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கொடுக்கும் பட்டியலில் சின்னம்மை, டைபாய்டு போன்ற கூடுதல் ஊசிகளும் இருக்கும். அவற்றுக்கான செலவைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். நிமோனியா ஊசி 2021லிருந்து அரசிலேயே இலவசம். பாதி அங்கே, பாதி இங்கே என்றாலும் பரவாயில்லை. ஆனால் தனியாரில் போட்டது அரசுக் கணினியில் தானாக ஏறும் என்று இருந்துவிடாதீர்கள். ஊசி பெயர், தேதி, டாக்டர் கையெழுத்து, முத்திரையோடு நகல் எடுத்துச் செவிலியரிடம் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள்.

ஏனென்றால் இதில் பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகள் குழந்தையின் ஊசியோடு கட்டப்பட்டவை. பிள்ளைக்கு ஊசி போட்டிருப்பார்கள், கணினியில் ஏறியிருக்காது, பணம் நின்றுபோயிருக்கும். வங்கியில் கேட்டால் சுகாதார நிலையத்துக்கும், அங்கே கேட்டால் வங்கிக்கும் அனுப்புவார்கள். கணக்கு தாயின் பெயரில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா, ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் இனிஷியல் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றில் அப்பா பெயர், மற்றதில் கணவர் பெயர் என்று இருப்பதால் நிற்கும் பணம்தான் நிறைய. அது சரியாக இருந்தால், ஊசி பதிவானதா என்று செவிலியரின் கணினியிலேயே காட்டச் சொல்லுங்கள்.

செவிலியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பக்கத்து ஊரில் இடம் காலியாக இருந்தால் அந்தப் பொறுப்பும் இவர் தலையில்தான். அவரால் முடியாததை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொண்டுபோங்கள். மாநகராட்சிக்குள் என்றால் மாநகர நல அலுவலர். 104க்கு அழைத்தும் சொல்லலாம். எதற்கும் அசையவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். எந்தத் தேதியில் போனீர்கள், என்ன காரணம் சொல்லி அனுப்பினார்கள் என்று இரண்டு வரி போதும். அட்டையின் நகலை இணைத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வராதீர்கள்.