சுடு பாணைச் சொப்பின் பையில் கட்டாதீர்கள்

பின்னேரம் நான்கு மணிக்குப் போறணையைத் திறந்தால், நாலே காலுக்குக் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். "அண்ணை, சூடா ஒரு றாத்தல். வெட்டித் தாங்கோ." யாழ்ப்பாணத்தில் பேக்கரி நடத்தும் இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். சூடாகத் தருவேன். வெட்டித் தர மாட்டேன். அதனால் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஏன் மறுக்கிறேன் என்று கடை நெரிசலில் நின்று விளக்க முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாணுக்குள் இருக்கும் ஓட்டையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒருநாள் ஆச்சி ஒருவர் அரைவாசி வெட்டிய பாணோடு திரும்பி வந்தார். நடுவில் இரண்டு விரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. "தம்பி, இந்தக் காத்துக்கும் சேர்த்தோ காசு வாங்கினனீ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதே அடுக்கில் இருந்த இன்னொரு முழுப் பாணைத் தராசில் வைத்துக் காட்டினேன், நிறை சரியாக இருந்தது. நாங்கள் விற்பது நிறையை, பருமனை அல்ல. ஆனாலும் அந்தப் பெரிய ஓட்டை எங்கள் பிழைதான். மாவை உருட்டும்போது உள்ளே சிக்கிய காற்றை அழுத்தி வெளியேற்றாமல் அச்சில் போட்டுவிட்டோம். ஆச்சிக்கு வேறு பாண் கொடுத்தேன்.

சின்ன ஓட்டைகள் பிழையல்ல. அவை இல்லாவிட்டால் அது பாணும் அல்ல. ஈஸ்ட்தான் ஓட்டை போடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது பாதி உண்மை. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுக் குழைக்கும்போது அதிலுள்ள புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் அந்த வலைக்குள் அகப்படுகின்றன. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காபனீரொட்சைட்டையும் கொஞ்சம் மதுசாரத்தையும் வெளிவிடும். அந்த வாயு முதலில் மாவின் ஈரத்தில் கரைந்து, பிறகு ஏற்கெனவே இருக்கும் குமிழ்களுக்குள் போய் அவற்றை ஊத வைக்கிறது. புதிதாகக் குமிழ் உண்டாக்க ஈஸ்டால் முடியாது. குமிழின் விதை, குழைக்கும் கையிலும் மெசினிலும்தான் இருக்கிறது. பொங்கிய மாவை ஒருதரம் அமுக்கி மறுபடி உருட்டுவதும் இதற்காகத்தான்: ஒரு பெரிய குமிழ் பல சிறு குமிழ்களாகப் பிரிந்துவிடும்.

போறணைக்குள் போனதும் முதல் சில நிமிடங்களில் பாண் கடகடவென்று எழும்பும். வாயு சூட்டில் விரிகிறது, மதுசாரமும் நீரும் ஆவியாகின்றன. உள்ளே 55, 60 பாகை வந்ததும் ஈஸ்ட் செத்துவிடும். சூடு இன்னும் ஏற ஏற மாப்பொருள் தண்ணீரைக் குடித்து வீங்கும், குளூட்டன் இறுகும், குமிழ்களின் சுவர் உடைந்து ஒன்றுக்கொன்று வழி திறந்துகொள்ளும். அதாவது தனித்தனிக் குமிழாக இருந்த மா, கடற்பஞ்சு போல ஆகிவிடுகிறது. மேல்தோல் 200 பாகைச் சூட்டில் சிவந்தாலும், நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது. உள்ளே ஈரம் இருக்கும்வரை தாண்ட முடியாது. இந்த இரண்டையும் நினைவில் வைத்திருங்கள்: பாண் முழுக்க உள்வழி திறந்த பஞ்சு, அதன் நடு கொதிநீர்ச் சூட்டைத் தாண்டவில்லை.

போறணையால் எடுத்த பாண் வெந்துவிட்டது, ஆனால் இன்னும் முடியவில்லை. உள்ளே ஆவி நிறைந்திருக்கிறது, வீங்கிய மாப்பொருள் இளகிய பதத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் கத்தியை வைத்தால் ஓட்டைகள் நசுங்கி, வெட்டுமுகம் பசை போல ஒட்டும். "மா வேகவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் சூட்டோடு வெட்டியவர்கள். ஒரு றாத்தல் பாண் ஆற ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வேண்டும். கையில் வைத்தால் சூடு தெரியாத நிலை வந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

சூடு பாண் வயிற்றுக்குள் போய்ப் பொங்கும் என்று சொல்வார்கள். அது சரியல்ல, ஈஸ்ட் போறணையிலேயே செத்துவிட்டது. முழுப் பாணைச் சூட்டோடு வாங்கி, கையால் பிய்த்து, சம்பலோடு அந்த நேரமே சாப்பிடுங்கள். அதைவிட ருசி வேறில்லை, நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் இளகிய பாண் வாயில் உருண்டையாகத் திரளும், பிள்ளைகளுக்கு நன்றாக மென்று விழுங்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என் பயம் அடுத்த நாளைக்கு என்று கட்டி வைக்கும் பாணைப் பற்றியது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், மார்கழி மழைக்குள், ஒரு முகாமுக்கு நூறு றாத்தல் கேட்டார்கள். அவசரத்தில் சூட்டோடு வெட்டி, சொப்பின் பையில் போட்டு முடிந்து அனுப்பினேன். பைகளின் உள்பக்கம் வியர்த்து முத்து முத்தாகத் தண்ணீர் நின்றதைக் கண்டேன், கண்டும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை அதில் எஞ்சியிருந்ததெல்லாம் பச்சைப் பூஞ்சணம். பிள்ளைகள் சாப்பிடவேண்டிய பாண் அது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

போறணைச் சூட்டில் பூஞ்சண வித்துகள் உயிர் தப்பாது. அவை பிறகுதான் வருகின்றன, காற்றிலிருந்தும், வெட்டும் கத்தியிலிருந்தும், கையிலிருந்தும். ஈரமான வெட்டுமுகம் கிடைத்தால் அங்கேயே வேர் பிடிக்கும். "அந்தப் பக்கத்தை மட்டும் கிள்ளி எறிந்தேன்" என்று தயவுசெய்து செய்யாதீர்கள். ஓட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று திறந்திருக்கின்றன என்றேனே, அந்த வழியாகவே பூஞ்சண நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடும். ஒரு புள்ளி கண்டாலும் முழுப் பாணையும் எறிய வேண்டும். மணந்தும் பார்க்காதீர்கள், வித்துகள் மூக்கில் ஏறும்.

இன்னொரு பழுது இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. வெயில் காலத்தில் பாணைப் பிரித்தால் நடுவில் நூல் நூலாக இழுபடும், பழுத்து அழுகிய அன்னாசி போல மணக்கும். இது பூஞ்சணம் அல்ல, பசிலசு வகைப் பற்றீரியா. மாவோடு வரும் இதன் வித்துகள் சூட்டைத் தாங்கும், 100 பாகையைத் தாண்டாத நடுப்பகுதியில் தப்பிவிடும். பாண் ஆறாமல் மூடிக் கிடந்தால் அந்த இளஞ்சூட்டில் பெருகும். நாங்கள் மாவில் கொஞ்சம் வினாகிரி சேர்ப்பது இதைத் தடுக்கத்தான். அப்படி இழுபடும் பாணைக் கோழிக்கும் போடவேண்டாம்.

சூடு இருந்தால் புதுப் பாண் என்று நம்புவதும் எப்போதும் சரிவராது. கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் பல்ப் காலை பணிஸையும் மாலைவரை சூடாக வைத்திருக்கும். பாணை மெல்ல அமுக்கிப் பாருங்கள், புதிதென்றால் விரலை எடுத்ததும் எழும்பும். அப்புறம், பழைய பேப்பரில் சுற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூட்டிலும் ஈரத்திலும் மை ஒட்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் பையை அவிழ்த்து, பாணைச் சுளகிலோ கம்பித் தட்டிலோ வையுங்கள், அடியிலும் காற்றுப்பட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சணம் தாமதமாகும், ஆனால் அந்தக் குளிரில் மாப்பொருள் விரைவாக இறுகி பாண் கட்டியாகிவிடும். நாட்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் வெட்டி, பிறீசரில் வையுங்கள். இறுகிய பாணைத் தோசைக்கல்லில் வாட்டினால் மறுபடி இளகும், ஆனால் அதை உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

எங்கள் கடையில் வெட்டிய பாண் ஆறு மணிக்குப் பிறகு கிடைக்கும்.