ராடை வளைப்பது பூஸ்ட், போல்ட்டை அறுப்பது ஆர்.பி.எம்.

டர்போ எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது பலரும் முதலில் கேட்பது, "இந்த பிஸ்டன் எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்பதைத்தான். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பிஸ்டனுக்கு வரும் ஆபத்து வேறு, அதைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் ராடுக்கு வரும் ஆபத்து வேறு.

சுபாரு இம்ப்ரெசா எஸ்.டி.ஐ.யின் 2.5 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 99.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 79 மி.மீ. கம்பெனி பிஸ்டன் சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு அலுமினியம். சூட்டில் அதிகம் விரியாது, அதனால் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்து எரிவது) வந்தால், பிஸ்டனின் முதல் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு விரிசல் விட்டுவிடும். இந்த எஞ்சினில் இது பேர்போன பிரச்சினை.

வார்க்காமல் அழுத்தி வடிக்கும் ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இரண்டு வகை உண்டு. 4032 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். தினசரி ஓட்டத்துக்கு என் தேர்வு இதுதான். இன்னொரு கலவையான 2618இல் சிலிக்கான் மிகக் குறைவு. நாக்கிங் வந்தால் சட்டென்று உடையாது, ஆனால் சூட்டில் நன்றாக விரியும். அதற்காகப் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டி வைப்பதால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்டக்கென்று தட்டும். ரேஸ் டிராக்குக்குப் போகும் காருக்கு அதுவே சரி.

அடுத்து ராடு. எரியும்போது சிலிண்டரில் 100 பார் அழுத்தம் வந்தால், பிஸ்டன் தலையில் இறங்கும் பாரம் ஏறக்குறைய 8 டன். எஞ்சினின் குறைந்த வேகத்தில் பூஸ்டை, அதாவது டர்போ உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றினால் ராடு வளைவது இந்தப் பாரத்தால்தான். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் கதை தலைகீழ். மேலே போகும் பிஸ்டனை நிறுத்திக் கீழே இழுப்பது ராடும் அதன் இரண்டு போல்ட்டுகளும். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 600 கிராம் என்று வைத்தாலும், 7,000 ஆர்.பி.எம்மில் அந்த இழுவை 1.7 டன்னைத் தொடும். 8,000க்கு ஏற்றினால் இன்னும் 30 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. பூஸ்டுக்கு இதில் பெரிய பங்கில்லை. ஆகவே ரெட்லைனை (எஞ்சினுக்கு அனுமதித்த உச்ச ஆர்.பி.எம்மை) உயர்த்தப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ராடு போல்ட்டின் தரத்தையும் பிஸ்டனின் எடையையும். அந்த போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முறுக்காமல், எவ்வளவு நீள்கிறது என்று கேஜ் வைத்து அளப்பது நல்லது.

அப்புறம் ரிங் கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ரிங்கை போருக்குள் நேராக இறக்கி, அந்த முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். இந்த அளவு போருக்கு, டர்போ என்றால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். பிஸ்டனோடு வரும் அட்டவணை சொல்வதே இறுதி. இடைவெளி போதாமல் போனால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். மேற்கொண்டு விரிய வழியில்லாத ரிங் போரைக் கீறும், பிஸ்டன் விளிம்பையும் பெயர்த்துவிடும்.