மாசெட்டர்: மெல்லுதசையா, தாடைத்தசையா?

காதுக்குக் கீழே, கீழ்த்தாடை எலும்பு மேல்நோக்கித் திரும்பும் மூலைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு கடைவாய்ப் பற்களை இறுகக் கடியுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு கெட்டியாக ஒன்று புடைக்கும். அதுதான் மாசெட்டர் என்ற தசை. கன்ன எலும்பின் வளைவில் தொடங்கி அந்த மூலைவரை இறங்குகிறது. கீழ்த்தாடையைத் தூக்கிப் பல்லோடு பல்லைச் சேர்ப்பது அதன் வேலை.

சொல் கிரேக்கம், பொருள் 'மெல்லுபவன்'. அப்படியானால் தமிழில் மெல்லுதசை என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். மெல்லும் தசைகள் என்று உடற்கூற்றியலில் சொல்வது பக்கத்துக்கு நான்காக உள்ள ஒரு கூட்டத்தை. கூட்டத்தின் பெயரை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்ற மூவரும் என்ன செய்வார்கள்? கன்னத்தசை என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெயர் கன்னத்தின் சுவராக இருக்கும் பக்சினேட்டர் தசைக்குப் போக வேண்டும். லத்தீனில் அதற்குக் கொம்பு ஊதுபவன் என்று பொருள். சோறு பல்லுக்கு வெளியே ஒதுங்காமல் தள்ளிக்கொடுத்தாலும் அது இந்தக் கூட்டத்தில் சேராது. அதை இயக்குவது ஏழாம் கபால நரம்பு. மெல்லும் தசைகள் நான்குக்கும் ஐந்தாம் நரம்பின் கீழ்த்தாடைக் கிளை.

ஆகவே இடத்தை வைத்துப் பெயரிடுவதே நல்லது. மாசெட்டர் தாடைத்தசை. நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் டெம்பொராலிஸ் பொட்டுத்தசை. டெரிகாய்டு இரண்டும் சிறகு வடிவ எலும்பிலிருந்து கிளம்புவதால் உட்சிறகுத்தசை, வெளிச்சிறகுத்தசை. மற்ற மூன்றும் வாயை மூடுகின்றன. வெளிச்சிறகுத்தசை மட்டும் தாடையை முன்னால் இழுத்து வாயைத் திறக்க உதவுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதை நடத்துகிற ஆசிரியர் களியை எடுத்துக்காட்டாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. ராகிக் களியைக் கிள்ளி உருட்டி, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவதுதான் இங்கே முறை. மென்றால் பல்லில் ஒட்டும், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். தாடைத்தசைக்கு வேலை, களியோடு சேர்த்துக் கடித்துக்கொள்ளும் வெங்காயத்தோடு சரி. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட பெங்களூரா மாங்காய் என்றால் கதையே வேறு: முன்பல் நறுக்க, கடைவாய் அரைக்க, நெற்றிப்பொட்டு துடிப்பதை எதிரில் இருப்பவரே பார்க்கலாம். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தாற்போல என்கிறோமே, வெறும் வாயை மெல்லும்போதும் தசைகள் இவைதான்.

அப்புறம், டிரிஸ்மஸ். மெல்லும் தசைகள் இறுகி வாய் திறக்க முடியாமல் போவது. ரண ஜன்னியில் (டெட்டனஸ்) முதலில் தெரியும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. பேச்சில் 'வாய் பூட்டிக்கிச்சு' என்பார்கள். அதிலிருந்து வாய்ப்பூட்டு என்று கலைச்சொல் ஆக்கலாம்தான். ஆனால் பேச்சைத் தடுக்கும் சட்டத்துக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் என்று அரசியல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. எழுதும்போது தாடை இறுக்கம் என்றால் குழப்பமில்லை.