ஸ்பீக்கர் ஒப்பீட்டில் முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

வீடுகளில் ஹை-ஃபை ஸ்பீக்கர்களைப் பொருத்தி, மைக்ரோஃபோன் வைத்து அளந்து சரிசெய்து கொடுப்பது என் தொழில். புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி குமுறுகிறது, மேல்ஸ்தாயி காதைக் குத்துகிறது, பாடுபவரின் குரல் அமுங்கிக் கிடக்கிறது என்ற முறையீடுகளோடு என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர், கடையில் நேரில் கேட்டுப் பார்த்து மனத்துக்குப் பிடித்துப்போய் வாங்கியவர்கள்தாம். அவர்களுடைய காதும் ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருக்க, ஒப்பிட்டுக் கேட்ட முறைதான் முடிவைத் திசைதிருப்பியிருக்கிறது என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

இரண்டு ஸ்பீக்கர்களில் ஒரே பாட்டை மாற்றி மாற்றி ஒலிக்கவிடும்போது, ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் (ஒலியளவின் அலகு) கூடுதலாக ஒலித்தாலே போதும், நம் தீர்ப்பு அதன் பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சிறு வேறுபாட்டை ‘சத்தம் அதிகம்’ என்று நாம் உணர்வதில்லை. தெளிவு கூடியிருக்கிறது, பேஸ் நிறைவாக இருக்கிறது என்றே உணர்கிறோம். ஒலி மெல்லியதாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் நம் காதுக்கு மிகவும் குறைவாகவே எட்டுகின்றன என்பதையும், ஒலியளவு ஏற ஏற அந்தக் குறை தணிந்துகொண்டே வருகிறது என்பதையும் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வரைகோடுகள் காட்டின. ஆகவே சற்றே உரக்க ஒலிக்கும் பெட்டிக்கு, அது செய்யாத வேலைக்கும் சேர்த்துப் பாராட்டுக் கிடைக்கிறது.

கடையில் இது யாரும் திட்டமிடாமலே நடந்துவிடுகிறது. ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும்போது எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அதன் உணர்திறன். 84 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றையும் 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, குமிழைத் தொடாமல் மாறி மாறிக் கேட்டால் இரண்டாவது 3 டெசிபல் முந்திக்கொண்டு ஒலிக்கும். அதே அளவை முதலாவதிலிருந்து பெற வேண்டுமானால் இருமடங்கு மின்திறன் தேவைப்படும். இப்படி வென்ற ஸ்பீக்கர் எளிதில் உரக்க ஒலிப்பது என்று சொல்லலாமே தவிர, அதன் ஒலித்தரத்தைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. இதற்கு மாற்று எளிது. பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை இரண்டிலும் ஒலிக்கவிட்டு, உட்கார்ந்து கேட்கும் இடத்தில் கைபேசியின் ஒலியளவுச் செயலியை வைத்து, இரண்டின் அளவும் அரை டெசிபலுக்குள் வரும்படி குமிழைத் திருப்பிக் குறித்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் எண் உண்மை அளவிலிருந்து விலகியிருந்தாலும் கவலையில்லை. ஒப்பிடுவதற்கு அது போதும்.

அடுத்தது கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்து பின்னர் ஹார்மன் என்ற ஒலிச்சாதன நிறுவனத்துக்கு வந்த ஃப்ளாய்ட் டூலும் அவருடைய சகா ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனையில், ஒரே நபர்கள் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணால் பார்த்தும் மதிப்பிட்டார்கள். பெட்டியைப் பார்த்தபோது பெரியவற்றுக்கும் விலை கூடியவற்றுக்கும் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான அமைப்புக்கு இறங்கியது. ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றி வைத்தபோது ஒலியில் உண்டான உண்மையான மாற்றம்கூட, பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண்களில் மங்கிப்போனது. இப்படி மதிப்பிட்டவர்கள் ஒலித் துறையிலேயே வேலை செய்தவர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வீட்டில் இதைச் செய்ய மெல்லிய துணித்திரை ஒன்றும், எது ஒலிக்கிறது என்று வாய்திறக்காத ஒரு துணையும் போதும்.

எதைப் போட்டுக் கேட்பது என்பதில் என் கருத்து பலருக்கு ஏமாற்றமளிக்கும். சோதனைக்கென்றே பளபளப்பாகப் பதிவுசெய்த இசைத்துண்டுகள் எந்தப் பெட்டியிலும் இனிக்கும். நன்றாகப் பழகிய ஓர் ஆண் குரல் வெறுமனே பேசும் பதிவைத்தான் முதலில் போடுவேன். குரலின் அடிப்பகுதி மார்புக்கூட்டுக்குள் சிக்கியதுபோல் வீங்கினால், 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் மிகை இருக்கிறது. மூக்கால் பேசுவதுபோல் ஒலித்தால் நடு அதிர்வெண்களில் ஓர் ஒத்ததிர்வு ஒளிந்திருக்கிறது. ‘ச’, ‘ஸ’ ஓசைகள் சீறிப் பாய்ந்தால், உயர்ந்த அதிர்வெண்களை ஒலிக்கும் ட்வீட்டர் பகுதி தூக்கலாக இருக்கிறது. அடுத்து தம்புரா. ஒரே சீராக நீளும் அந்த மீட்டலில் மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழுவதால், ஏதோ ஓர் அதிர்வெண் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் உடனே பிடிபடும். மிருதங்கத்தில் வலந்தலையின் கணீரென்ற நாதமும் தொப்பியின் கும்மென்ற அடியும் ஒரே கருவியிலிருந்து எழுவதாகக் கேட்க வேண்டும். தொப்பியின் அடி அடுத்த அடி விழும் வரை இழுத்துக்கொண்டே போனால், அது நிறைவான பேஸ் அன்று, கட்டுக்கு அடங்காத பேஸ்.

இவற்றையெல்லாம் ஒரே ஒரு ஸ்பீக்கரில் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது விரியும் இசைமேடை, அதாவது குரலும் கருவிகளும் நம் முன்னே ஆங்காங்கே நிற்பது போன்ற தோற்றம், தனித்தனியான குறைகளை அழகாக மூடிவிடும். பிங்க் நாய்ஸை ஒலிக்கவிட்டு உட்கார்ந்தபடி கேட்டு, பிறகு எழுந்து நின்று கேளுங்கள். தாழ்ந்த அதிர்வெண்களை ஒலிக்கும் வூஃபரும் ட்வீட்டரும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கிராஸ்ஓவர் பகுதி, பெரும்பாலும் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே இருப்பது, செங்குத்தான கோணம் மாறும்போது இரைச்சலின் நிறத்தை மாற்றிக் காட்டும். ஓரளவு மாற்றம் இயல்பு. ஆனால் தலையைச் சற்று உயர்த்தியதுமே ஒலி உள்ளீடற்றுப்போனால், அந்த ஸ்பீக்கரைக் கேட்க ஒரே ஓர் உயரம்தான் வாய்க்கும். பக்கவாட்டில் நகர்ந்தும் கேட்பது அவசியம், ஏனெனில் பக்கங்களில் போகும் ஒலிதான் சுவர்களில் பட்டு நம்மிடம் திரும்பி வருகிறது.

இனி அறை. சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதில் ஸ்பீக்கருக்குள்ள பங்கைவிட அறைக்குள்ள பங்கு பெரிது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் என்பதால், 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நிலையலைகள், அதாவது சுவர்களுக்கிடையே மோதி ஓரிடத்திலேயே நிற்கும் அலைகள், எழும். சுவரையொட்டி அந்த அதிர்வெண்கள் வீங்கும், அறையின் நட்டநடுவில் 34 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். பேஸ் குமுறுகிறது என்று ஸ்பீக்கரையே மாற்றத் தயாராக இருந்த ஒரு வீட்டில் சோபாவின் முதுகு பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர்கள் இரண்டு மூலைகளில் ஒடுங்கி நின்றன. சோபாவை முன்னால் இழுத்து, ஸ்பீக்கர்களை மூலைகளிலிருந்து வெளியே எடுத்ததும் மைக்ரோஃபோன் காட்டிய கோட்டில் மலைபோல் நின்ற மேடு பெரிதும் தாழ்ந்தது. வீட்டுக்காரரின் மனைவி, இது வேறு ஸ்பீக்கரா என்று கேட்டார். சுவரிலிருந்து தள்ளிவைப்பதிலும் அளவு உண்டு. பின்னால் உள்ள சுவருக்கும் ஸ்பீக்கரின் முகத்துக்கும் 1 மீட்டர் இடைவெளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியை ஓரளவு அழித்துவிடும். அளந்து, நகர்த்தி, மறுபடி அளந்துதான் இடம் பிடிக்க வேண்டும்.

விளம்பரத்தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘45 ஹெர்ட்ஸ் முதல் 25 கிலோஹெர்ட்ஸ் வரை’ என்று மட்டும் போட்டு, கூட்டல் கழித்தல் எத்தனை டெசிபலுக்குள் என்று போடாத எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு கணநேர உச்சத் திறனாகச் சொல்லப்படும் பிஎம்பிஓ வாட் என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமலே தாண்டிவிடலாம். இதற்கு மாறாக, எதிரொலியற்ற நிலையில் ஸ்பீக்கரைச் சுற்றிப் பல கோணங்களில் அளந்து வெளியிடும் வரைபடங்கள், ஸ்பினோரமா என்ற பெயரில் கிடைப்பவை, மிகவும் பயன்படும். நேர்முகக் கோடு ஏறத்தாழச் சமமாகவும், பக்கக் கோடுகள் மேடுபள்ளமின்றிச் சீராகச் சரிந்தும் இருந்தால், அந்த ஸ்பீக்கர் திரைமறைவுச் சோதனையில் பெரும்பாலும் நல்ல மதிப்பெண்ணே பெறும்.

இவை எதையும் தொடங்குவதற்கு முன் ஸ்பீக்கர்களின் பின்புறம் சென்று வயர்களைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால் இரண்டு வூஃபர்களும் எதிரெதிர்த் திசையில் அசையும்; பேஸ் மெலிந்துபோகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் இடமின்றி அறை முழுவதும் கலைந்து கேட்கும். ஒரு முனையைக் கழற்றித் திருப்பி மாட்டியதோடு வேலை முடிந்த வீடுகளும் உண்டு.