விறகு பிளக்கும் இயந்திரம்: டன்னுக்குச் செலவு, விரலுக்குச் சிக்கனம்

போன வாரம் என் ஹைட்ராலிக் பட்டறைக்கு, வீட்டிலேயே செய்த விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. பழைய மண் அள்ளும் இயந்திரத்திலிருந்து கழற்றிய சிலிண்டர் (எண்ணெய் அழுத்தத்தால் தண்டைத் தள்ளும் உருளை), கனமான இரும்பு உத்திரம், பார்த்தவுடன் குறை சொல்ல முடியாத வெல்டிங். கொண்டுவந்தவர் கேட்டது ஒன்றுதான்: "வேகம் போதவில்லை, டன்னைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்." என் கண்ணில் பட்டது வேறு. ஆப்பை முன்னே தள்ளும் லிவர் தானாகத் திரும்பி வராதபடி, சைக்கிள் டியூபைப் பட்டையாக நறுக்கி அதில் இறுக்கிக் கட்டியிருந்தார். கட்டையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருக்கிறதாம். இந்த ஆண்டில் இப்படிக் கட்டிய லிவருடன் என்னிடம் வந்த நான்காவது இயந்திரம் அது. முன்பு வந்த மூன்றில் ஒன்றின் உரிமையாளருக்கு இடது ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. நான்காவது முறையும் வாயை மூடிக்கொண்டு பழுது பார்த்துக் கொடுக்க மனம் வரவில்லை.

இயந்திரம் தேவைதானா என்பதை முதலில் யோசியுங்கள். கணுவில்லாத நேரான கட்டைகளைக் கொஞ்சமாகப் பிளப்பவருக்கு, மூன்று நான்கு கிலோ எடையுள்ள கோடாலியும் இரண்டு இரும்பு ஆப்புகளும் ஒரு சம்மட்டியும் போதும். பழைய டயருக்குள் கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறாது. கண்ணாடி அணியாமல் இரும்பின் மேல் இரும்பை அடிக்காதீர்கள். தெறிக்கும் சில்லு கண்ணைத்தான் தேடும். அடுத்த படி, கையால் பம்ப் அடித்து எண்ணெயால் தள்ளும் பாட்டில் ஜாக்கி வைத்த சட்டம். மெதுவானது, கை வலிக்கும், ஆனால் மலிவு. கையை எடுத்தால் நின்றுவிடும் என்பதால் எனக்குப் பிடித்ததும்கூட. அதைப் படுக்கை வாட்டில் பொருத்தினால் கைப்பிடி பம்ப் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும்; இது தெரியாமல் நல்ல ஜாக்கியைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயம்: டன். வாங்க வருபவரும் கேட்பது டன், விற்பவரும் சொல்வது டன், வேகம் வேண்டும் என்பவர் கேட்பதும் டன். டன் என்பது தள்ளும் விசை மட்டுமே. அது வேகமும் அல்ல, இயந்திரத்தின் தரமும் அல்ல. கணக்கு எளிது. 100 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர சென்டிமீட்டர். ஒரு பார் அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும் என்பதால், 200 பார் அழுத்தத்தில் சுமார் 16 டன் விசை கிடைக்கும். இதையே 125 மில்லிமீட்டர் சிலிண்டராக மாற்றினால் 25 டன். விளம்பரத்துக்கு அழகான எண். ஆனால் 60 சென்டிமீட்டர் ஓட்டத்துக்குச் சின்னது 4.7 லிட்டர் எண்ணெய் குடிக்கும், பெரியது 7.4 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் அதே பம்பை வைத்துக்கொண்டால், முன்பு 19 விநாடியில் போய்ச் சேர்ந்த ஆப்பு இப்போது 29 விநாடி எடுக்கும். டன்னைக் கூட்டினீர்கள், வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததைப் பார்த்துப் பொறுமை இழந்து லிவரைக் கட்டினீர்கள்.

பம்பைப் பெரிதாக்கலாமே என்பார்கள். 200 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ள 5 கிலோவாட் வேண்டும், இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 8 குதிரைத்திறன். பம்ப் பெரிதானால் எஞ்சினும் பெரிதாக வேண்டும், மலிவு என்ற பேச்சு அத்துடன் போயிற்று. இதற்கு விடை பல காலமாகவே இருக்கிறது: இரு நிலைப் பம்ப். தடை இல்லாதபோது நிமிடத்துக்கு 40 லிட்டர் அளவில் எண்ணெயை ஓட்டி ஆப்பைக் கட்டைவரை விரைவாகக் கொண்டுபோகும். தடை வந்து அழுத்தம் ஏறியதும் தானாகவே 10 லிட்டர் அளவுக்கு இறங்கி முழு விசையைத் தரும். ஐந்தரை ஆறு குதிரைத்திறன் எஞ்சினே இதற்குப் போதும். நேரான கட்டை பல சமயம் முதல் நிலையிலேயே பிளந்துவிடும். எனவே வாங்கும்போது டன்னைக் கேட்கும் மூச்சிலேயே, முன்னே போய்த் திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறது என்றும், பம்ப் இரு நிலையா என்றும் கேளுங்கள். அடர்ந்த கணுக்களும் பெரிய விட்டமும் உள்ள கட்டைகளே உங்கள் அன்றாடம் என்றால் 25 டன்னுக்குப் போகலாம்; மற்றவர்களுக்கு அது வீண் செலவு.

பட்டறையில் செய்கிறவர்களுக்குச் சில சொற்கள். ஆப்பு தள்ளும் அதே 16 டன் விசை, எதிர்முனையில் நிற்கும் தடுப்புத் தகட்டையும் உத்திரத்திலிருந்து பிய்த்தெடுக்கப் பார்க்கிறது. விசை உத்திரத்தின் மேல் கோட்டில் போவதில்லை, அதற்கு ஒரு சாண் மேலே போகிறது; அதனால் உத்திரம் வில்லாக வளையும். தகட்டின் பின்னால் முக்கோணத் தாங்கிகள் வையுங்கள், அந்த வெல்டிங்கை மட்டுமாவது தேர்ந்த கையிடம் கொடுங்கள். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸ் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பம்ப் கூழாங்கல்லை அரைப்பதுபோலச் சத்தம் போட்டுச் சாகும். திரும்பு குழாயையும் ஒல்லியாக வைக்காதீர்கள்: ஆப்பு பின்வாங்கும்போது சிலிண்டரின் பின்பக்கத்திலிருந்து வெளியேறும் எண்ணெய், பம்ப் தருவதைவிட அதிகம்.

அழுத்தம் எல்லை தாண்டினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் அழுத்தத் தணிப்பு வால்வின் திருகைக் கண்மூடித்தனமாக முறுக்கித்தான் பலர் டன்னைக் கூட்டுகிறார்கள். அழுத்தமானி இல்லாமல் அந்தத் திருகைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டர், ஹோஸ், வால்வு, பம்ப் ஆகியவற்றுள் எதன் அனுமதி அழுத்தம் குறைவோ, அதற்கு மேல் போக உங்களுக்கு உரிமை இல்லை. நல்ல ஹோஸ் பொதுவாகத் தன் வேலை அழுத்தத்தைப் போல நான்கு மடங்கில்தான் வெடிக்கும் என்பது உண்மைதான். அந்த இடைவெளி தேய்மானத்துக்காக விடப்பட்டது, உங்கள் அவசரத்துக்காக அல்ல.

இப்போது லிவர். முன்னோக்கிப் போகும்போது கையை எடுத்த கணமே லிவர் நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வரும்போது மட்டும் அது தானாகப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். விறகு பிளப்பதற்கென்றே விற்கப்படும் லிவர் வால்வு இப்படித்தான் அமைந்திருக்கும். ஐரோப்பாவின் இ.என். 609-1 என்னும் தரநிலை, ஆப்பு வகை இயந்திரங்களை இரண்டு கைகளாலும் இயக்கச் சொல்கிறது, அதாவது ஆப்பு நகரும்போது இரு கைகளுக்கும் வேறிடத்தில் வேலை கொடுக்கிறது. கட்டை உருள்கிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் இருபுறமும் தாங்குதட்டு வையுங்கள். அறுக்கும்போதே முனைகளைச் சதுரமாக அறுங்கள், ஏனென்றால் சாய்வாக அறுத்த கட்டைதான் துள்ளி எழும். கட்டையைக் குறுக்காகப் போட்டுப் பிளக்காதீர்கள். நார் ஓடும் திசையில் பிளக்காமல் தேங்கும் விசை ஒரே நொடியில் விடுபடும்போது துண்டு பறக்கும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவர் கட்டையை வைக்க, மற்றவர் லிவரைத் தள்ள என்று இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யாதீர்கள். நான் கேள்விப்பட்ட விரல் விபத்துகளில் பல இந்த ஏற்பாட்டில் நடந்தவை. "வைத்தாயிற்று" என்பதும் "தள்ளு" என்பதும் எஞ்சின் சத்தத்தில் ஒன்றாகவே கேட்கும். கட்டையை வைப்பவர் எவரோ அவரே லிவரைத் தொட வேண்டும். உதவிக்கு வந்தவர் பிளந்ததை அடுக்கட்டும்.

மலிவு என்று வாகனத்தின் சக்கர அச்சிலோ டிராக்டரின் பின்தண்டிலோ மாட்டும், சுழன்றபடியே கட்டைக்குள் ஏறி அதைப் பிளக்கும் கூம்புத் திருகைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. கையுறையையோ சட்டைக் கையையோ அது பிடித்தால் விடாது. வாகன அச்சில் மாட்டியிருந்தால் நிறுத்தும் பொத்தான் உங்கள் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்காது. நான் செய்து கொடுப்பதில்லை.

கடைசியாக எண்ணெய்க் கசிவு. ஹோஸில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்து எண்ணெய் புகைபோலப் பீய்ச்சினால், எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்திய அளவே தெரியும், முதலில் வலியும் அதிகம் இராது. உள்ளே எண்ணெய் தசைநார் உறையோடு பரவிக்கொண்டிருக்கும். கசிவைத் தேட எஞ்சினை நிறுத்தி, லிவரை இருபக்கமும் அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, ஹோஸைத் துடைத்துப் பாருங்கள். ஓடும்போது பார்த்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி அணிந்து, நீளமான அட்டையைக் காட்டித் தேடுங்கள். தப்பித்தவறி கையில் பட்டுவிட்டால் மறுநாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அது சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை கேட்கும் காயம். அவசரப் பிரிவில் "ஏதோ குத்திவிட்டது" என்று சொன்னால் கட்டுப் போட்டு அனுப்பிவிடக்கூடும். உயர் அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே பாய்ந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லி, எண்ணெய் டப்பாவின் மேலுள்ள பெயரையும் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள்.