பட்டை வந்துவிட்டது, சரி. உள்ளே இருக்கும் எழுத்து?

மறுபடியும் அதே புலம்பல். பிசிஆரில், அதாவது டிஎன்ஏ துண்டை என்சைம் வைத்துப் பெருக்கும் வேலையில், ஒரு ஜீனைப் பெருக்கினார்களாம். துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் பட்டை சரியான அளவில் வந்தது, அதை பாக்டீரியாவில் ஏற்றிய குளோனும் கிடைத்தது, அந்த ஜீன் தரும் புரதம் மட்டும் வேலை செய்யவில்லை. எந்த என்சைம் போட்டீர்கள் என்று கேட்டால், “பிசிஆர் என்சைம்தான்” என்கிறார்கள். கோப்பிக்கடையில் கோப்பி-ஓ கோசோங் (பால், சர்க்கரை இல்லாதது), கோப்பி-சி சியூ டாய் (பாலுடன், இனிப்பு குறைவாக) என்று அளந்து கேட்கிற ஊர் இது. ஆய்வுக்கூடத்துக்குள் வந்ததும் ஃபிரீசரில் கைக்கு அகப்படும் குப்பியே போதும் என்றாகிவிடுகிறது.

பெரும்பாலும் அகப்படுவது டாக். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்த தெர்மஸ் அக்குவாட்டிகஸ் பாக்டீரியாவின் பாலிமரேஸ், அதாவது டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைம். சூடு தாங்கும், மலிவு, எதற்கும் ஓடும். ஆனால் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் திறன் அதற்குக் கிடையாது. அளக்கும் முறையைப் பொறுத்து, ஒவ்வொரு இரட்டிப்பிலும் ஏறத்தாழ 10,000 முதல் 50,000 டிஎன்ஏ எழுத்துக்கு ஒரு பிழை விடும். 1,000 எழுத்து நீள ஜீன், 20 இரட்டிப்பு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல கணக்கில் மூன்றில் ஒரு குளோனில் பிழை இருக்கும். மோசமான கணக்கில் ஒரு குளோனுக்குச் சராசரியாக இரண்டு பிழை. ஜெல் நீளத்தைத்தான் காட்டும், எழுத்தைக் காட்டாது.

உடனே வரும் பதில்தான் எரிச்சலூட்டும்: “பிசிஆர் பொருளையே நேராக சீக்குவென்ஸ் பண்ணி, எழுத்து வரிசையைப் படித்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது.” இருக்கத்தான் செய்யும்! குழாயில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள். ஒன்றுக்கு 112ஆம் இடத்தில் பிழை, இன்னொன்றுக்கு 640இல். சீக்குவென்ஸிங் படிப்பது எல்லாவற்றின் கூட்டுக் குரலை, அதில் தனிப் பிழைகள் அமுங்கிவிடும். குளோனிங்கில் நீங்கள் பொறுக்குவதோ ஒரே ஒரு மூலக்கூறை. அதன் பிழை அந்த பாக்டீரியாக் கூட்டம் முழுவதற்கும் சொத்து. அதனால் சீக்குவென்ஸ் செய்ய வேண்டியது குளோனை, அதுவும் ஜீன் முழுக்க, இரண்டு முனையிலிருந்தும். மீன் துண்டு எந்த இனம் என்று பார்க்க ‘பார்கோடு’ எனும் 650 எழுத்து அடையாளத் துண்டைப் பெருக்கி நேராகப் படிக்கிறீர்களா? அதே கூட்டுக் குரல் காரணத்தால் டாக் தாராளமாகப் போதும்.

குளோனிங்குக்குத் திருத்தும் பாலிமரேஸ் வேண்டும். அவற்றில் ஒன்றான பிஃபு டாக்கைவிடப் பல மடங்கு துல்லியம். ஆனால் ஆமை: 1,000 எழுத்துக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் பகுதி ஒட்டிய புதுத் தலைமுறை என்சைம்களுக்கு 15 முதல் 30 விநாடி போதும். அவற்றுக்கும் டாக்குக்கான பழைய ஒரு நிமிட நிரலையே ஓட்டி, ஜெல்லில் தேய்த்துவிட்டது போல் வந்தால் என்சைமைத் திட்டாதீர்கள். பிரைமர் (நகலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் வெப்பநிலையும் இவற்றுக்குக் கூடுதல். அந்தந்த பஃபர் கரைசலுக்கான கணிப்பானிலேயே பாருங்கள்.

இன்னொரு பொறி. டாக் முனையில் ஒரு ‘ஏ’ எழுத்தைத் தொங்க விடும், திருத்தும் என்சைம்கள் விடாது. அந்த ‘ஏ’வைப் பிடித்து ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏவான டிஏ வெக்டரில் இவற்றின் பொருள் ஒட்டாது. முதலில் பொருளைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு டாக்கும் டிஏடிபியும் (‘ஏ’ எழுத்தின் மூலப்பொருள்) சேர்த்து 72 டிகிரியில் வையுங்கள். சுத்தம் செய்யாமல் சேர்த்தால் மிச்சமிருக்கும் திருத்தும் என்சைம் அந்த ‘ஏ’வைக் கடித்துவிடும். பைசல்ஃபைட் ரசாயனத்தால் சில ‘சி’ எழுத்துகளை யுராசிலாக மாற்றிய டிஎன்ஏவிலும் இவற்றில் பல யுராசிலைக் கண்டதும் நின்றுவிடும். யுராசில் தாங்கும் வகையை வாங்குங்கள்.

விலை கூடியதே எல்லாவற்றுக்கும் நல்லது என்றும் போய்விடாதீர்கள். பெருகும் அளவை ஒளியால் அளக்கும், புரோப் (ஒளிச்சாயம் ஒட்டிய சிறு டிஎன்ஏ) வைத்த கியூபிசிஆரில் ஒளி வருவதே டாக் எதிரே இருக்கும் புரோபை வெட்டிக்கொண்டு போவதால்தான். பிஃபுவுக்கு அந்த வெட்டு கிடையாது, ஒளியும் வராது. 2020இல் மூக்கில் குச்சி விட்டதிலிருந்து நம் பாட்டிமாருக்கும் தெரிந்த அந்த பிசிஆரில், முதல் வேலை, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுடையது. டெங்கியும் ஆர்என்ஏ வைரஸ்தான். அந்தப் படி சொதப்பினால் பின்னால் எந்தப் பாலிமரேஸ் போட்டும் பயனில்லை.

பட்டை வரவில்லையென்றால் என்சைமை இரட்டிப்பாக்குவது மருந்தல்ல. 50 மைக்ரோலிட்டருக்கு டாக் 1.25 யூனிட் போதும். முதலில் டெம்ப்ளேட்டை, அதாவது நகலெடுக்கப் போட்ட டிஎன்ஏவை, பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். மண்ணின் ஹியூமிக் அமிலமும், பச்சை மூடிக் குழாய் ரத்தத்தின் ஹெப்பாரினும் என்சைமைக் கட்டிப்போடும்.

கை வேலைக்கு வருவோம். குப்பியில் பாதி கிளிசரால், அதனால் மைனஸ் 20இலும் உறையாது, தேன் மாதிரி ஒட்டும். பிப்பெட் டிப்பை அடிவரை முக்கினால் 1 மைக்ரோலிட்டர் எடுப்பதாக நினைத்து வெளிப்புறத்திலும் சேர்த்து எடுக்கிறீர்கள். மேற்பரப்பில் நுனி மட்டும் படட்டும், மெதுவாக உறிஞ்சுங்கள். என்சைம் கலவையின் அடியில் படியும். சுண்டிக் கலக்கி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்குங்கள். திருத்தும் என்சைமைக் கடைசியில், ஐஸ் மேல் வைத்துச் சேர்க்க வேண்டும். டிஎன்டிபி (நகலுக்கான எழுத்துகளின் மூலப்பொருள்) இல்லாமல் காத்திருந்தால் பிரைமரையே கொறிக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் குளிர்ந்த குப்பியைச் சுற்றி நொடியில் தண்ணீர் கோக்கும். துடைத்த பிறகு மூடியைத் திறங்கள், குப்பி மேல் எழுதியது அழிந்திருந்தால் உடனே எழுதுங்கள்.

தம்பி தங்கைகளே, ஒரு கெஞ்சல். நோட்டில் “பிசிஆர் செய்தேன்” என்று எழுதாதீர்கள். என்சைமின் பெயர், லாட் எண், எத்தனை சுழற்சி என்று எழுதுங்கள். அந்த மூன்றும் இல்லாத நோட்டைக் கொண்டுவந்து “ஏன் வரவில்லை” என்று கேட்டால், சொல்வதற்கு யாரிடமும் எதுவும் இருக்காது.