கசங்காத சட்டை ஏன் சீக்கிரம் கிழிகிறது?

பருத்தி நூலை நனைத்தால் அதன் வலு கூடும். ஈரமான பருத்தி இழையை இழுத்து அறுக்க, காய்ந்த இழையைவிட 10 முதல் 20 சதவீதம் வரை அதிக விசை தேவை. ரேயான் இதற்கு நேரெதிர்: நனைந்தால் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும்.

பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். நீளமான சங்கிலி மூலக்கூறுகள் பக்கம் பக்கமாகக் கிடக்க, அவற்றை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்ததும் இந்தப் பிடி தளர்கிறது. இழுக்கும்போது சங்கிலிகள் கொஞ்சம் நகர்ந்து, சுமையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. எந்த ஒரு சங்கிலியும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை.

ஆனால் துணி கசங்குவதும் இதே நகர்வால்தான். வியர்வை ஈரத்தோடு மடங்கும் இடத்தில் சங்கிலிகள் நழுவுகின்றன. காயும்போது புதிய இடத்தில் பிணைப்புகள் உருவாகி, மடிப்பு நின்றுவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் நீராவி அந்தப் பிணைப்புகளை அவிழ்க்கிறது, சூடு தட்டையாகக் காய வைக்கிறது. அவ்வளவுதான்.

சரி, நழுவவே விடாமல் செய்தால்? கசங்காத துணிக்குச் செய்வது அதுதான். ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசினில் துணியை முக்கி, சுமார் 150 டிகிரியில் சூடாக்குவார்கள். சங்கிலிகளுக்கு இடையே ஏணிப் படிகள்போல வலுவான குறுக்குப் பாலங்கள் விழும். மடக்கினாலும் துணி பழைய நிலைக்கே திரும்பும். ஆனால் சுமையைப் பகிரும் சுதந்திரமும் போயிற்று. இழுவை வலுவில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடக் குறையும். உராய்வைத் தாங்கும் திறனும் அப்படியே. காலர் விளிம்பும் கை மடிப்பும் முதலில் நைந்துபோவது இதனால்தான். இந்த இழப்பை ஈடுகட்டப் பாலியெஸ்டர் கலப்பதும் உண்டு. மிச்சமிருக்கும் ஃபார்மால்டிஹைடு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்; புதிதாக வாங்கியதை ஒருமுறை அலசிவிட்டு உடுத்துவது நல்லது.

கசங்காமைக்காக இல்லாவிட்டாலும், வலுவைப் பறிக்காத பதப்படுத்தலும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் கெட்டிக்காரத்தனம். 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், காஸ்டிக் சோடா என்னும் காரக் கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டியபோது துணி தடித்துப்போனதைக் கவனித்தார். 1850-இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் துணி ஏகத்துக்குச் சுருங்கியதால் வியாபாரிகள் சீந்தவில்லை. 1890-இல் ஹோரஸ் லோ, துணியை இழுத்துப் பிடித்தபடியே அந்தக் கரைசலில் நனைத்தார். சுருக்கம் நின்றது, பட்டு மாதிரி பளபளப்பும் வந்தது. முறுக்கிய ரிப்பனாகத் தட்டையாய் இருக்கும் பருத்தி இழை, சோடாவில் ஊதி உருளையாகிவிடுகிறது. ஒளி சீராகத் தெறிக்கிறது, சாயம் ஆழமாக ஏறுகிறது, வலுவும் கூடுகிறது.

காரத்தை இப்படித் தாங்கும் பருத்தி, அமிலத்திடம் தோற்றுவிடும். அமிலம் செல்லுலோஸ் சங்கிலியையே துண்டு துண்டாக வெட்டுகிறது. பேட்டரி அமிலம் தெறித்த சட்டையில் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அடுத்த துவைப்பில் அந்த இடம் ஓட்டையாக இருக்கும்.